வேலைக்கு ஆகும் கல்

சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாத ஒரு காலையில் அது கேட்டது.

நான் கம்பெனி அறையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். டப். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டப். தரம் பிரிக்கும் கூடத்திலிருந்து வரும் அந்தச் சத்தம், கல்லின் தரத்துக்குப் பொறுப்பான எனக்குப் பல வருடப் பழக்கம். மற்ற நாட்களில் அது கேட்காவிட்டால்தான் எழுந்து போய்ப் பார்ப்பேன். அன்று கேட்டதால் எழுந்து போனேன்.

செல்வராணி அக்கா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். புடவைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை, கண் இமை வரைக்கும் வெள்ளைப் பொடி. இடது கையில் ஆறு பக்கம் கொண்ட ஒரு வெள்ளைக் கல், வலது கையில் சிறிய இரும்புக் குச்சி. கல்லைத் தட்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு அதைக் கூடையில் போடுவார், அல்லது குச்சியை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுப்பார். அன்று சுத்தியலைத்தான் அதிகம் எடுத்தார். காலடியில் இருந்த தகர டின் நிறைந்து வழிந்து, துண்டுகள் தரையில் கிடந்தன.

உடைந்து கிடந்தவை எல்லாம் ஒரு சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டிய கற்கள். எங்கள் கம்பெனியை மூடாமல் வைத்திருக்கக் கையில் இருந்தது அந்த ஒரே ஆர்டர்தான். அது கைவிட்டுப் போனால் சூளை அணையும். மேசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும், அவர்களோடு நானும், வேறு வேலை தேட வேண்டும்.

"என்னக்கா பண்றீங்க?" என்று கேட்டேன்.

"சாவு கல்ல ஒடைக்கிறேன் மேடம்" என்றார், நிமிராமல்.

எனக்கு வந்தது நல்ல கோபம். அது நியாயமான கோபம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். யார் மேல் என்பதில்தான் இன்னும் தெளிவில்லை.

நெஞ்சுக்குப் போகிற கல்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோயிலும் ரயில் ஜங்ஷனும் நினைவுக்கு வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்குப் பீங்கான். போன வாரம் இந்தப் பத்தியில் சூளையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் போன் செய்து, கொலு பொம்மை மொத்த விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார். நாங்கள் பொம்மை செய்யவில்லை. எங்கள் தொழிற்பேட்டையில் மற்றவர்கள் பொம்மை செய்தார்கள், ஃபியூஸ் கட்டை செய்தார்கள். ஃபியூஸ் கட்டைக்குக் காலம் போய் டிரிப்பர் சுவிட்ச் வந்தபோது பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள். நாங்கள் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தோம். ஏனென்றால் எங்கள் சரக்கு ராணுவத்துக்குப் போனது.

குண்டு துளைக்காத சட்டைக்குள் ஒரு தகடு இருக்கும். அதில் உள்ளங்கையில் அடங்கும் கற்களைத் தேனடை மாதிரி நெருக்கி ஒட்டுவார்கள். அந்தக் கல்லைத்தான் நாங்கள் செய்தோம். அலுமினா என்கிற வெள்ளைப் பொடியை அச்சில் அழுத்தி, எடுத்து, மற்றவர்களுடைய சூளையைவிட அதிகச் சூட்டில் வேகவைப்போம். வெந்த கல்லை மறுபடி மாவாக்க முடியாது. நல்லதாக வந்தால் நல்லது, இல்லையென்றால் குப்பை.

சட்டையை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கற்கள் பெட்டியில் ஏறி வேறு மாநிலத்தில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போகும். அங்கிருந்து ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் பரிசோதனைக்கு வருவார். அவருடைய உண்மையான பதவி என்ன என்று எங்களுக்குத் தெரியாது. எல்லோரும் கேப்டன் சார் என்று கூப்பிட்டோம், அவரும் மறுக்கவில்லை.

முதல் நாள் வந்தபோது அவர் பெண்களை வரிசையாக நிற்கவைத்தார். ஒரு கல்லை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இதுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் பயிற்சி. அதற்குப் பிறகு நான் வகுப்பெடுத்து விளக்கியதெல்லாம் யார் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

தட்டினால் மணி மாதிரி கேட்கிற கல்லுக்குப் பெண்கள் உசுரு என்று பெயர் வைத்தார்கள். மங்கலாகக் கேட்டால் உள்ளே கீறல். அது சாவு. ஓரம் உடைந்தாலும், மேலே கறுப்புப் புள்ளி இருந்தாலும் அதுவும் சாவுதான். உசுரு கூடைக்குப் போகும். சாவு அதே இடத்தில் சுத்தியலால் உடையும். கழித்த கல் ஒன்றுகூட முழுசாக வெளியே போகக் கூடாது என்பது ஒப்பந்தம். யாராவது எடுத்துப் போய் மலிவாக விற்று, அது ஒரு சட்டைக்குள் ஏறிவிட்டால்?

கேப்டன் சாருக்கு ஒரு விளையாட்டு உண்டு. கீறல் விட்ட கல் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது குவியலில் செருகிவிடுவார். நாங்கள் அதைக் கள்ளக் கல் என்போம். செல்வராணி அக்கா அதைக் கண்டுபிடித்து, அவர் கண் முன்னாலேயே ஓங்கி ஒரு அடி அடிப்பார். கல்யாண வீட்டில் தேங்காய் உடைக்கிற சந்தோஷம் அந்த முகத்தில் தெரியும். அக்கா குடும்பத்தில் ராணுவத்துக்குப் போனவர்கள் யாரும் கிடையாது. சொந்த ஊர் நல்லூர் பக்கம், வீட்டுக்காரர் கரும்பு வெட்டுக்குப் போகிறவர். ரயிலில் பார்த்ததைத் தவிர சிப்பாயையே பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு வாடிக்கையாளர்

கம்பெனி காதர் பாயுடையது. பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பிய பணத்தை வீடாகக் கட்டாமல் சூளையாகக் கட்டினார். உறவுக்காரர்கள் அதற்காக அவரை இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

ராணுவச் சரக்கு செய்வது ஒருவகையில் மாமியார் வீட்டில் சாப்பிடுவது மாதிரி. மரியாதையாகத்தான் போடுவார்கள், வேளைக்குக் குறையிருக்காது, ஆனால் என்ன சமையல் என்று நாம் சொல்ல முடியாது. வாங்குகிறவர் ஒருவர்தான். செலவு என்ன ஆனது என்று கணக்குக் காட்டினால் அதற்கு மேல் லாபம் வைத்துக் கொடுப்பார்கள். பணம் தாமதமாக வரும், வராமல் போகாது. விலையைக் குறைக்கச் சொல்லி யாரும் பேரம் பேசியதில்லை. எத்தனை கல் உடைந்தாலும் உடைந்ததற்கும் சேர்த்துத்தான் விலை. தரம் ஒன்றுதான் கேள்வி.

இப்படிப் பல வருடம் பிழைத்ததில் எங்களுக்கு ஒரு குறை வளர்ந்திருந்தது. அது அப்போது தெரியவில்லை. எங்கள் கம்பெனியில் விற்கத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை.

பிறகு சட்டையின் வடிவமே மாறியது. எங்கள் கல்லைவிட இலேசான வேறு ஏதோ ஒன்று வந்துவிட்டது. கேப்டன் சார் போனில் வருத்தத்தோடு சொன்னார். அத்தோடு சரி. ஒரு மழைக்காலம் முழுக்கச் சூளை சும்மா கிடந்தது. ஆறிய சூளைக்குள் நாய் குட்டி போட்டது.

பேராசிரியர் வந்த நாள்

அந்த நாட்களில் பேட்டைச் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் வந்து, ராணுவத்துக்குச் செலவாகும் வளத்தை மக்கள் தேவைக்குத் திருப்புவது எப்படி என்று பேசினார். பீரங்கி செய்கிற ஆலையில் டிராக்டர் செய்யலாம், இரும்பு ஒன்றுதான், இயந்திரம் ஒன்றுதான், உழைப்பாளி ஒருவர்தான் என்றார். நன்றாகவே பேசினார். இடையில் மின்சாரம் போய் மைக் நின்றபோதும் குரலை உயர்த்தித் தொடர்ந்தார். அந்த வெக்கையில் அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

கேள்வி நேரத்தில் காதர் பாய் எழுந்தார். "எல்லாம் சரிங்க சார். செய்யிறதுக்கு நாங்க ரெடி. யாருகிட்ட போயி விக்கிறது?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். இந்தப் பாடத்தில் ரொம்பக் கஷ்டமான இடம் அதுதான் என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக எனக்கு அவரைப் பிடித்தது. ஆனால் அதைவிடக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் அப்போது தெரியாது.

மஞ்சப் பையும் சாம்பலும்

விற்கத் தெரிந்த ஆள் இல்லை என்றேன். காதர் பாயை மறந்துவிட்டேன். அவர் அடிப்படையில் இரும்புக் கடைக்காரர். அந்தக் கடையில் வருடக்கணக்காகப் போல்ட்டும் நட்டும் வாங்கியவர்களில் பெண்ணாடம் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் இன்ஜினியரும் இருந்தார். பெயர் சம்பந்தம். பாய் ஒரு மஞ்சப் பையில் கற்களைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கரும்புச் சக்கையை எரித்துத்தான் ஆலைக் கொதிகலன் ஓடுகிறது. அந்தச் சாம்பலில் வயல் மண்ணும் கலந்திருக்கும். அது குழாய் வழியாக வேகமாகப் போகும்போது உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும். குறிப்பாகக் குழாய் வளைகிற இடத்தில். ஒவ்வொரு வருடமும் ஓட்டை, ஒவ்வொரு வருடமும் ஒட்டு. உள்பக்கம் எங்கள் கல்லைப் பதித்தால் பல வருடம் தாங்கும் என்று சம்பந்தம் கணக்குப் போட்டார். துப்பாக்கிக் குண்டைத் தாங்குகிற கல், சாம்பலைத் தாங்காதா?

ஆனால் அவர் பேரம் பேசினார். எங்களிடம் முதன்முதலாகப் பேரம் பேசிய மனிதர் அவர். பாய் உற்சாகமாகிவிட்டார், பழைய கடைக்காரர் அல்லவா. முடிவான விலை, உடைகிற கல்லுக்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கிற விலை இல்லை. ஓரம் உடைந்தது, புள்ளி விழுந்தது, இலேசாகக் கீறியது எல்லாம் சரக்கோடு சேர்ந்து போனால்தான் கட்டுபடியாகும். பசை போட்டுக் குழாயில் ஒட்டப்போகிற கல்லுக்கு அழகு எதற்கு? கரும்பு அரவை தொடங்குவதற்கு முன்னால் குழாய் திரும்ப மாட்டப்பட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அச்சை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பொடி அதே பொடி, சூடு அதே சூடு. நாய்க்குட்டிகளை வாட்ச்மேன் வீட்டுக்கு மாற்றியதுதான் நாங்கள் செய்த பெரிய மாற்றம். பெண்களைக் கூப்பிட்டு, இது ஆலைச் சரக்கு, சின்னக் குறை பரவாயில்லை, உடைக்காதீர்கள் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாளும் சொன்னேன். மறுபடி தலையாட்டினார்கள்.

மறுபடி அந்தக் காலை

"சொன்னேனேக்கா" என்றேன்.

"சொன்னீங்க மேடம். நானும் பாத்துப் பாத்துதான் தட்டுறேன். ஆனா கூடை ஒண்ணுதானே வச்சிருக்கீங்க? உசுர அதுல போட்டுட்டேன். உசுரு இல்லாதது எங்க போவும்?"

அதில் பாதி உண்மை, பாதி பிடிவாதம். பக்கத்து மேசைகளிலும் இதே கதைதான். குறையுள்ள கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவர்களால் முடியவில்லை. சோற்றில் கல் அகப்பட்டால் துப்புகிற மாதிரி கை தானாகச் சுத்தியலுக்குப் போனது. நாங்களே பல வருடம் சம்பளம் கொடுத்துப் பழக்கிய கை அது.

எனக்கு அழுகை வந்தது. டின்னைக் காலால் தள்ளினேன். சம்பந்தம் மறுநாள் சரக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. மறுபடி அழுத்தி, வேகவைத்து, ஆறவிட்டு எடுக்க நாள் இல்லை. அரவை தொடங்கும் தேதியை யாரும் எங்களுக்காகத் தள்ளிவைக்கப் போவதில்லை.

மறுநாள் அவர் வந்தார். பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே கூட நடந்தார். சம்பந்தம் கூடையைப் பார்த்தார், போதாது என்றார். தகர டின்னைப் பார்த்தார். குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து அதோடு பொருத்தினார். இரண்டும் சேரவில்லை, மூன்றாவது ஒன்றை இடையில் வைத்தார்.

"இதை ஏன் குப்பையில போட்டிருக்கீங்க? வளைவுக்கு முழுக் கல்லு போடுவோம். நேர் குழாய்க்கு இது வேலைக்கு ஆவுமே" என்றார்.

அதாவது வீட்டுத் தரையில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பொருத்திப் பதிக்கிறார்களே, அந்த மாதிரி. ஆனால் துண்டுகளை இப்படி இடைவெளி விடாமல் பொருத்திப் பதிக்க ஆலையில் ஆள் கிடையாது என்றும் சொன்னார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் செல்வராணி அக்காவைப் பார்த்தேன். அக்கா டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் கொன்றுபோட்டதை ஒருவர் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சம்பந்தி வீடு

பெண்களை அழைத்துக்கொண்டு ஆலைக்குப் போனோம். வழியெல்லாம் வெறும் டிராக்டர்கள், சீசனுக்காகப் பெயின்ட் அடித்து நின்றன. கேட்டில் இருந்தவர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்குச் செல்வராணி அக்கா, "கல்லு வாக்கப்படுற வூட்ட பாக்க வந்தோம்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

கழற்றிப் போட்டிருந்த பழைய குழாயை அவருக்குக் காட்டினேன். ஒட்டின் மேல் ஒட்டு, அதன் மேல் ஓட்டை. அவர் ஓட்டைக்குள் கையை விட்டு வெளியே எடுத்தார். முழங்கை வரை கறுப்பு.

"இங்கதான் இருக்கப் போவுதா?"

"ஆமாங்க்கா."

"இதுக்குப் பின்னாடி ஆளு யாரும் இல்லியா?"

"இல்லக்கா. சாம்பல்தான்."

கறுத்த கையைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது ஏமாற்றமா, ஆறுதலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு சட்டையின் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த நாட்களில் உடைந்த கல்லை அந்தப் பெண்கள் பதித்த அழகைப் பார்க்க ஆலை ஆட்களே வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேரும் என்று அவர்களுக்குள் ஒரே சண்டை. அரவை தொடங்குவதற்கு முன்னால் குழாய் மேலே ஏறிவிட்டது.

அந்த சீசன் முழுக்க அது தாங்கியது. அடுத்த வருடம் வேறு ஆலைகளும் சிமென்ட் கம்பெனி ஒன்றும் விசாரித்து வந்தன. கல்லோடு ஒட்டுகிற ஆட்களும் வருவார்களா என்று கேட்டார்கள். அதற்குத் தனிக் கூலி. பாய் பெரிய லாபம் ஒன்றும் பார்க்கவில்லை, ஆனால் "இதுல பரக்கத்து இருக்குதும்மா, கொஞ்சமானாலும் பெருகுற காசு" என்று அடிக்கடி சொல்லத் தொடங்கினார்.

மேசையில் மூன்றாவது கூடை ஒன்று வைத்தேன். அதற்குப் பெயர் வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சம்பந்தம் சொன்னதை வைத்தே பெண்கள் ஆவும் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். உசுரு, ஆவும், ஆவும், உசுரு, ஆவும். சாவு என்ற சொல் மெதுவாகக் கேட்காமல் போனது. சுத்தியல் மேசைக்கு அடியில் கிடந்தது.

திரும்பி வந்த ஆர்டர்

எல்லையில் பதற்றம் என்று டிவியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. கேப்டன் சாரிடமிருந்து போன் வந்தது. குரலில் பழைய கம்பீரம். புதுச் சரக்கு தேவைக்குப் போதவில்லையாம், பழைய வகைச் சட்டையும் அவசரமாக வேண்டுமாம். எங்கள் கல்லை மறுபடி கேட்டார்கள். விலை, ஆலைக்காரர் தருவதைப் போலப் பல மடங்கு. தரத்துக்கு வழக்கம்போல என் கையெழுத்து.

பாய் அன்று கம்பெனிக்கு மிட்டாய் வாங்கி வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. சூளைக் கடன் இன்னும் அவர் தலையில்தான் இருந்தது. பார்த்துப் பார்த்து விற்ற களைப்பும் இருந்தது.

நான் ஒரு காரியம் செய்தேன். மூன்றாவது கூடையை எடுத்துவிட்டேன். கீறல் விட்ட கல் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் குவியலுக்குள் செருகினேன். கேப்டன் சாரின் பழைய விளையாட்டுத்தான். செல்வராணி அக்காவைக் கூப்பிட்டு, இது ராணுவத்துக்கு, பழைய மாதிரி பாருங்கள் என்றேன். அவரும் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தார். சுத்தியலைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மணி மாதிரி, மணி மாதிரி, மணி மாதிரி. பிறகு ஒரு மங்கல் சத்தம். அக்கா நிறுத்தினார். இன்னொரு தடவை தட்டினார். கை தானாக மூன்றாவது கூடை இருந்த இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை அந்தரத்தில் நின்றது, திரும்பி வந்தது, உசுரு கூடையில் கல்லைப் போட்டது. அடுத்த கல்லை எடுத்தார்.

இன்னும் கொஞ்சம் கற்கள் போன பிறகு குச்சி நின்றது.

"மேடம், ஒண்ணு தப்பா போட்டுட்டேன்."

"எதுக்கா?"

"தெரியல. எல்லாம் ஒரே மாதிரி இருக்குது."

கூடையைக் கவிழ்த்தார். முதலிலிருந்து தட்டத் தொடங்கினார். சந்தேகம் வந்த பிறகு நல்ல கல்லும் கெட்ட கல்லாகவே கேட்டிருக்க வேண்டும். ஒன்றை ஒதுக்கினார், பிறகு இன்னொன்று, பிறகு பலது. ஒதுக்கியதை மறுபடி சேர்த்தார். நெற்றி வியர்வையில் வெள்ளைப் பொடி குழைந்து வழிந்தது. பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

"எல்லாத்தையும் ஒடச்சுடட்டுமா மேடம்?" என்று கேட்டார்.

நான் போய்ப் பென்சில் புள்ளி வைத்த கல்லை எடுத்துக் கொடுத்தேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது போயிருந்தா?"

"போயிருக்காதுக்கா. நான் இருந்தேனே."

"இன்னைக்கி இருந்தீங்க."

பிறகு குச்சியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "என்ன இதுல ஒக்கார வைக்காதீங்க மேடம். ஆலைக் கல்லு எவ்ளோ வேணும்னாலும் தட்டுறேன்."

எனக்குப் பயம் வந்தது. கொஞ்சம் நிம்மதியும் வந்தது. நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததை அவரே சொல்லிவிட்டார்.

பாய் கடையில்

பஜாருக்குப் போய்ப் பாயிடம் சொன்னேன், மற்றப் பெண்களின் கையும் ஆவும் கூடைக்கே பழகிப்போனதையும் சேர்த்து. அவர் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். புதுப் பெண்களை வைத்தால் என்ன என்று கேட்டார். வைக்கலாம், ஆனால் காது பழக நாளாகும், ராணுவத்துக்காரர்கள் அதற்கு முன்னால் கல் கேட்கிறார்கள் என்றேன். படம் பிடித்துக் கீறலைக் காட்டுகிற இயந்திரம் பற்றிக் கேட்டார். அதன் விலை அவருக்கே தெரியும்.

"உங்க கையெழுத்து இல்லாம சரக்கு போவாது, இல்லம்மா?"

"போகாதுங்க பாய். நான் போட மாட்டேன்."

ஆணியைப் பொட்டலம் கட்டி வாடிக்கையாளரிடம் கொடுத்தார். மீதிச் சில்லறையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் படியிறங்கினார்.

"சம்பந்தம் அடுத்த சீசனுக்கும் வருவாரு" என்றார் கடைசியில். "இவங்க எப்ப வருவாங்க, எப்ப போவாங்கன்னு நம்மகிட்ட சொல்லிட்டா போவாங்க? போன தடவ சூளையில நாய்தான் குட்டி போட்டுச்சு." என் எதிரிலேயே போன் போட்டு, முடியாதுங்க சார், மன்னிச்சிக்குங்க என்று சொன்னார். வியாபாரக் கணக்கா, வேறு பயமா, எது அவரை அப்படிச் சொல்லவைத்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

வீடு தேடி வந்ததை விரட்டிய கம்பெனி என்று பேட்டையில் இன்றும் எங்களைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த ஆர்டரை வேறு யாராவது செய்திருப்பார்கள். நன்றாகவே செய்திருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

இரும்பு ஒன்றுதான், இயந்திரம் ஒன்றுதான், உழைப்பாளி ஒருவர்தான் என்று பேராசிரியர் சொன்னாரே, அதில் முதல் இரண்டும் சரி. பொடியும் சூளையும் எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பின. மனிதர்களைத் திருப்ப ஒரு முழு சீசன் ஆனது, அதுவும் ஒரு பக்கம்தான் திரும்பினார்கள். சூளைக் கடன் அடைய இன்னும் கொஞ்சம் காலம் ஆகும் என்று பாய் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெல்லம்

அந்த வருடம் கம்பெனியில் பொங்கல் வைத்தோம். பெண்ணாடம் பக்கம் கரும்பு போடுகிற ஒருவர் பெரிய மண்டை வெல்லமாகக் கொடுத்து அனுப்பியிருந்தார். அரிசி வெந்துகொண்டிருக்கிறது, உடைக்க ஒன்றும் அகப்படவில்லை. அம்மிக் குழவி கொண்டுவரச் சொல்லி ஒருவர் கத்தினார்.

செல்வராணி அக்கா கூடத்துக்குள் போய், மேசைக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தார். கழுவித் துடைத்தார். வெல்லத்தை இடது கையில் தூக்கிப் பிடித்தார். அடிப்பதற்கு முன்னால், சுத்தியலின் காம்பால் லேசாக ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம்.

"எப்படிக்கா இருக்குது, உசுரா சாவா?" என்று கேட்டேன்.

"வேலைக்கு ஆவும் மேடம்" என்று சொல்லிவிட்டு, வெல்லத்தைத் தரையில் வைத்து ஒரே அடியாக உடைத்தார்.